அன்னதான ரசீதும் 187 ரிங்கிட்டும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். அண்மையில் ஓர் உணவகத்தின் கோப்பைப் புரட்டியபோது, தைப்பூச அன்னதானத்திற்கு அரிசியும் பருப்பும் வாங்கிய ரசீதுகள் தேதி வாரியாகக் கோக்கப்பட்டிருந்தன. சமையற்கட்டு உதவியாளரான அக்காவின் சம்பளச் சீட்டிலோ மாதந்தோறும் 187 ரிங்கிட் ஊழியர் சேமநிதிக்கெனப் பிடிக்கப்பட்டிருந்தும், ஏழு மாதங்களாக அது வாரியத்தைச் சென்றடைந்ததற்கு ஒரு சான்றும் இல்லை.

“வியாபாரம் மந்தம், பிறகு கட்டிவிடலாம்” என்றார் முதலாளி. பசித்து வந்தவரைத் திருப்பி அனுப்பாதவர் அவர். அதை நானே பார்த்திருக்கிறேன். ஆயினும் பிறருக்குரியதை எடுத்து வழங்குவது தானமாகாது என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187. முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, 221. இரண்டும் சேர்ந்த 408 ரிங்கிட்டை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஏழு மாதங்களுக்கு 2,856 ரிங்கிட். அந்த அக்காவின் முதுமைக்கான பணம் அது. சம்பளத்தில் பிடித்ததைக் கட்டாமல் வைத்துக்கொண்டால் ஆறாண்டுவரை சிறையோ, 20,000 ரிங்கிட்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டம் இடமளிக்கிறது. செண்டிரியான் பெர்ஹாட் எனப்படும் தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமானாலும் இயக்குநர்கள் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நம் சமூகம் செல்வம் சேர்த்த விதத்தை நினைக்கும்போதுதான் இது என்னை அதிகம் வருத்துகிறது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளியாக (அன்றைய மலாயா நாணயம்) கட்டி 100 வெள்ளிப் பங்குக்கு உரியவரானார்கள். அப்படித் திரண்ட பணத்தில்தான் தோட்டங்கள் வாங்கப்பட்டன. வசூலித்தவர்கள் அந்தப் பத்து வெள்ளியைத் தங்கள் அவசரத்துக்குத் திருப்பியிருந்தால், எந்தத் தோட்டம் நம் பெயருக்கு வந்திருக்கும்?

முதலாளி நிலுவையைத் தவணையில் கட்டத் தொடங்கியிருக்கிறார். தாமதக் கட்டணமும், விடுபட்ட மாதங்களுக்கான லாப ஈவும் அவர் தலையில்தான் விழுந்தன. தொழிலாளர்கள் மாதம் ஒருமுறையாவது கைப்பேசியில் சேமநிதி வாரியத்தின் ஐ-அக்காவுன் செயலியைத் திறந்து, கடைசியாகப் பதிவான மாதத்தைப் பாருங்கள். விடுபட்டிருந்தால் முதலில் முதலாளியிடம் கேளுங்கள். பதில் இல்லையேல் சேமநிதி அலுவலகத்தில் புகார் கொடுங்கள். சம்பளச் சீட்டுகளை மட்டும் எறிந்துவிடாதீர்கள், அங்கே முதலில் கேட்கப்படுவது அவைதாம்.