13 மீட்டரில் பால்வீதி

ஐயா மலேயாவிலிருந்து கொண்டுவந்த வால்வு ரேடியோ எங்கள் வீட்டுப் பட்டாலையில், ஒரு மர அலமாரி மேல் இருந்தது. திருகியவுடன் பாடாது. வால்வு சூடேற அரை நிமிடம் ஆகும். அப்புறம்தான் அந்தப் பச்சைக் கண் விளக்கு மெல்ல விழிக்கும். மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவே இழுத்துக் கட்டிய செம்புக் கம்பிதான் ஏரியல்.

நிலையங்களுக்கு இடையே வரும் சத்தத்தை ஆயா இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஐப்பசி மழைக்காலத்தில் வருவது கடுகு வெடிக்கிற சத்தம். மற்றது எந்த நாளும் ஓயாமல் வருவது: "சூடான தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சாப்ல." கடுகு, மின்னலின் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். தோசைக்கல்லைப் பற்றிக் கேட்டால் அம்மான், "அது நட்சத்திரம் பேசுறதுடா" என்பார். பாதி தப்பு, பாதி சரி என்று எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆயிற்று.

தப்பான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அதிகம் கேட்டது மத்திய அலை. தரைக்கு மேல் அறுபது, எழுபது கிலோமீட்டர் வாக்கில் தொடங்கி, சூரிய ஒளி பட்டு எலக்ட்ரான்கள் கழன்ற காற்று அடுக்கு ஒன்று இருக்கிறது. அதுதான் அயனி மண்டலம். குறைந்த அதிர்வெண் கொண்ட அலைகளுக்கு அது தகரக் கூரை மாதிரி. வெளிநாட்டு நிலையங்கள் சிற்றலையில் நம்மை எட்டுவது அதில் பட்டுத் தெறித்துத்தான். உள்ளே இருப்பதைத் தெறிக்க விடும் கூரை, வெளியே இருப்பதையும் உள்ளே விடாது. ஆகவே மத்திய அலையில் நட்சத்திரமும் இல்லை, ஒன்றும் இல்லை. தூரத்து மின்னலும் நம் ஊர் மோட்டாரும்தான்.

சரியான பாதி, அந்த ரேடியோவில் யாரும் திருப்பாத ஓரத்தில் இருந்தது. 13 மீட்டர் பட்டை, அதாவது 21 மெகாஹெர்ட்ஸ் பக்கம். இரவு ஏற ஏறக் கூரை மெலிந்துவிடும். அந்தப் பட்டையில் நிலையங்கள் ஒவ்வொன்றாக மறையும். மிஞ்சும் சுர்ர் சத்தத்தில் பெரும்பங்கு பால்வீதியினுடையது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் வானியலாளர் அல்ல. கார்ல் ஜான்ஸ்கி அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் பொறியாளர். கடல் கடந்த தொலைபேசிப் பேச்சில் என்னென்ன இரைச்சல் குறுக்கிடும் என்று பார்ப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. நியூ ஜெர்சியின் ஹோம்டெல்லில், ஃபோர்டு காரின் சக்கரங்களைப் பொருத்தி, 20 நிமிடத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் பெரிய ஏரியல் ஒன்றைக் கட்டினார். அதிர்வெண் 20.5 மெகாஹெர்ட்ஸ், ஐயாவின் 13 மீட்டருக்குப் பக்கத்து வீடு. அவருக்கும் ஆயா மாதிரியே பிரிந்து வந்தது: பக்கத்து இடி, தூரத்து இடி, அப்புறம் விடாத ஒரு சுர்ர்.

முதலில் சூரியன் என்றுதான் நினைத்தார். மாதக்கணக்கில் பதிவு செய்தபோது, அந்தச் சத்தம் உச்சத்துக்கு வரும் நேரம் தினமும் 4 நிமிடம் முந்திக்கொண்டே போனது. சூரியன் அப்படிச் செய்யாது, நட்சத்திரம் செய்யும். கார்த்திகைக் கூட்டத்தைத் தினமும் பார்க்கிறவருக்குத் தெரியும்: இன்று எழுந்ததைவிட நாளை 4 நிமிடம் முன்னதாகவே எழும். 1933ல் ஜான்ஸ்கி அறிவித்தார்: சத்தம் பால்வீதியின் மையம் இருக்கும் தனுசு ராசிப் பக்கத்திலிருந்து வருகிறது. வானியலாளர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1937ல் குரோட் ரீபர் என்ற இளைஞர் மட்டும் தன் வீட்டுப் பின்கட்டில், கைக்காசைப் போட்டு 9 மீட்டருக்கும் அதிகமான அகலத்தில் ஒரு கிண்ண ஏரியல் கட்டித் தொடர்ந்தார்.

சரி, அங்கே ஏது ஒலிபரப்பு நிலையம்? தேவையில்லை. ஊருணித் தண்ணீரில் கையை அசைக்காமல் வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது. உதறினால் அலை புறப்படும். மின்னேற்றமும் அப்படித்தான். எலக்ட்ரானின் வேகத்தையோ திசையையோ மாற்றினால் அலை கிளம்பும். நம் நிலையத்தில் கோபுரத்துக் கம்பிக்குள் எலக்ட்ரான்களை மின்சாரத்தால் உதறுகிறோம். விண்வெளியில் யார் உதறுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

எளிய பதில், வெப்பம். சூடான வாயுவில் எலக்ட்ரான்கள் ஓடும்போது புரோட்டான்கள் இழுத்துத் திசை திருப்பும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் கொஞ்சம் அலை. ஆனால் வெப்பத்தால் வருவது நீண்ட அலைகளில் பலவீனமாக இருக்க வேண்டும். பால்வீதியின் சத்தமோ அலை நீள நீளக் கூடிக்கொண்டே போகிறது. ஆக, இது வேறு ஏதோ வேலை.

அந்த வேலைக்குப் பெயர் சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு. செக்குமாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: நேரே போகத்தான் அதற்கு ஆசை, நுகத்தடி விடாது. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான் காந்தப்புலத்தில் மாட்டினால் அதே கதி, புலக்கோட்டைச் சுற்றிச் சுற்றித்தான் போக முடியும். சுற்றுவது என்றால் ஒவ்வொரு கணமும் திசை மாறுவது, அதாவது ஓயாமல் உதறல். அத்தனை வேகத்தில் அலை நாலாபக்கமும் போகாமல், முன்னால் மட்டும் பாயும். ஊருணிக் கரையை ஒரு பைக் இரவில் சுற்றி வந்தால், நம் பக்கம் திரும்பும்போது மட்டும் விளக்கு கண்ணில் அடிக்குமே, அது மாதிரி. பால்வீதியின் காந்தப்புலம் பூமியுடையதைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு பலவீனம். இருந்தும் ஆயிரக்கணக்கான ஒளியாண்டு ஆழத்துக்கு எலக்ட்ரான்கள் நிரம்பியிருப்பதால், எல்லாம் சேர்ந்து நமக்குச் சுர்ர் என்று கேட்கிறது. இந்த எலக்ட்ரான்களுக்கு வேகம் கொடுத்ததில் பெரும்பங்கு, வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களுக்கு. கி.பி. 1054ல் வெடித்ததைச் சீனர்கள் எழுதிவைத்த நட்சத்திரத்தின் சிதறலான நண்டு நெபுலா இன்னும் இதே முறையில்தான் ரேடியோவில் ஒளிர்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த மூலம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது: வியாழன். 1955ல் பர்க், ஃப்ராங்க்ளின் என்ற இரண்டு ஆய்வாளர்களின் பதிவில் 22 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு குறுக்கீடு திரும்பத் திரும்ப வந்தது. பண்ணை ஆள் யாரோ இரவில் வண்டி ஓட்டிப் போகிறார், இஞ்சின் பொறி சரியில்லை என்று கேலியாகப் பேசிக்கொண்டார்களாம். பார்த்தால் வண்டிக்காரர் வியாழன். அதன் நிலவு அயோ, வியாழனின் காந்தப்புலத்தைக் கிழித்துக்கொண்டு சுற்றும்போது டைனமோ போல் வேலை செய்கிறது. சுமார் 4 லட்சம் வோல்ட். அந்த மின்சாரம் வியாழனின் துருவப் பக்கம் இறங்கும் இடத்தில் எலக்ட்ரான்கள் சேர்ந்திசையாக உதறுகின்றன. அலைக்கற்றை புனல் வடிவில் புறப்படுவதால், புனலின் விளிம்பு பூமிப் பக்கம் திரும்பும்போது மட்டும் கேட்கும். நல்ல ஏரியலும் சிற்றலை ரேடியோவும் இருந்தால் கடலலை போலச் சில நிமிடம், தகரக் கூரையில் கூழாங்கல் கொட்டினாற்போலச் சில நிமிடம்.

இவை எல்லாம் ஆர்ப்பாட்டக்காரர்கள். ஹைட்ரஜன் அப்படியில்லை. அதன் புரோட்டானும் எலக்ட்ரானும் ஒரே பக்கமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது எலக்ட்ரான் திடீரெனத் தலைகீழாகும். அப்போது 21 சென்டிமீட்டர் நீள அலை ஒன்று வெளிவரும். ஏறக்குறைய ஒரு சாண். தனியே விட்ட ஓர் அணுவில் இது நடக்க ஒரு கோடி வருஷத்துக்கு மேல் ஆகும். ஆனால் பால்வீதியில் ஹைட்ரஜனுக்கா பஞ்சம்? 1951ல் இதைப் பிடித்த பிறகுதான் பால்வீதியின் சுருள் கைகளை வரைய முடிந்தது.

1967ல் ஆராய்ச்சி மாணவி ஜோஸ்லின் பெல் கண்ட பல்சர் 1.337 நொடிக்கு ஒருமுறை துடித்தது. அதுவும் நம் பைக் விளக்குதான், சுற்றுவது ஒரு செத்த நட்சத்திரம். சிக்னஸ் ஏ என்ற மூலமோ கோடிக்கணக்கான ஒளியாண்டு தாண்டி, ஒரு கருந்துளை பீய்ச்சும் தாரைகளால் ஒளிர்வது.

இத்தனைக்கும் பூமியை எட்டுவது சொற்பம். பழைய 2ஜி செல்போன் ஒன்றை நிலாவில் வைத்துப் பேசினால், வானின் பிரகாசமான ரேடியோ மூலங்களோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் பெரிய ஏரியல்கள் தேவை. ஊட்டி முத்தோரையில் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970ல் முடித்த தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அவர்கள் தேடியது 11 டிகிரிச் சரிவுள்ள மலை. ஊட்டியின் அட்சரேகையும் ஏறத்தாழ அதே 11 என்பதால், சரிவில் படுத்த அந்த நீள உருளையின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம். மலையையே கருவியின் பாகமாக்கிய அந்த யோசனையை இன்றும் வியக்கிறேன்.

போன ஆனிக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். வால்வு ரேடியோ செத்து வெகுநாள் ஆயிற்று. கையில் பேட்டரி டிரான்சிஸ்டர். இரவு பத்தரை வாக்கில் கரண்ட் போய், தெரு முழுக்க இருட்டு. மாடியில் பழைய செம்புக் கம்பி இன்னும் இருந்தது. தெற்கே எதிர்வீட்டு ஓட்டுக்கு மேல் தனுசு. கம்பிக்குத் திசை தெரியாது, பால்வீதியை மொத்தமாகத்தான் எடுக்கும், பரவாயில்லை. 21 மெகாஹெர்ட்ஸில் ஆளில்லாத இடமாகப் பார்த்து வைத்துக் கம்பியைப் பிடுங்கினேன், சத்தம் இறங்கியது. அது ரேடியோவின் சொந்த இரைச்சல். மறுபடி செருகினேன்; தோசைக்கல் சுர்ரென்றது. பிடுங்கினேன், செருகினேன், நாலைந்து தடவை.

பதினொன்றுக்குக் கரண்ட் வந்தது. தெருவில் எல்இடி விளக்குகள் எரிந்த நொடியில் ரேடியோ ர்ர்ர் என்று கத்த ஆரம்பித்தது.