பல் செட்டு பேசவும் வேண்டும்

பாம்பனில் மீன் ஏலம் கூறுகிற பெரியவர் ஒருவர் போன வாரம் என்னிடம் வந்தார். வேறிடத்தில் செட்டு கட்டி நாலு மாசமாகிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் அவர் எழுநூறு என்றால் வியாபாரிகளுக்கு எண்ணூறு என்று காதில் விழுகிறதாம். கரையில் இரண்டு முறை சண்டை. இப்போது ஏலம் கூறுவது மருமகன்.

“செட்டுன்னா பேச்சு அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிரும்னு சொன்னாக டாக்டர்.”

இந்த மாதம் இதே வார்த்தையைச் சொல்லி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். எனக்கு ஆத்திரம் வருவது இந்தப் ‘பழகிரும்’ மீதுதான். பழகும், உண்மை. புதுத் தகட்டோடு (பல்லைத் தாங்கும் பிளாஸ்டிக் பகுதி) நாக்கு இணங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். தினம் கால் மணி நேரம் சத்தமாகப் பேப்பர் படித்தால் சீக்கிரம் வரும். அதற்குப் பிறகும் சொல் குழறினால் நாக்கைக் குறை சொல்லாதீர்கள். செட்டைத்தான் பார்க்க வேண்டும். நாலு மாசம் பழகாதது நாலு வருசத்திலும் பழகாது.

அவருடைய மேல் தகட்டை அளந்தேன். அண்ணத்தில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருந்தால் போதும், இருந்தது 4. நம் ழ, ண, ள, ட எல்லாம் நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தை நாடும் எழுத்துகள். அங்கே பிளாஸ்டிக் மேடு இருந்தால் நாக்கு எங்கே போகும்? (நம் பக்கம் பலர் பழத்தைப் பளம் என்றுதான் சொல்வோம். அது செட்டின் குற்றமில்லை. பல் போவதற்கு முன் எப்படிப் பேசினார் என்று வீட்டாரிடம் கேட்பது என் வழக்கம்.) கடி உயரமும், அதாவது பல் சேரும்போது மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் உள்ள இடைவெளியும், கூடுதல்; ‘காசு’ என்றாலே பல்லும் பல்லும் டக்கென்று இடித்தன.

செட்டை முடிக்கும் முன் மெழுகில் பல் அடுக்கிக் காட்டும் நாளைத் தயவுசெய்து வீணாக்காதீர்கள். கண்ணாடியில் சிரித்துப் பார்த்துவிட்டு “நல்லாருக்கு” என்று எழுந்து போகிறீர்கள். பேசுங்கள். ஊசி, மீசை, காசு சொல்லும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நெருங்க வேண்டும், முட்டக் கூடாது. ‘வ’ சொன்னால் மேல் முன்பல் விளிம்பு கீழுதட்டின் ஈரமும் உலர்வும் சேரும் கோட்டருகே வர வேண்டும். ‘அம்மா’வுக்கு உதடு சிரமமில்லாமல் மூட வேண்டும். கீழக்கரையிலிருந்து வரும் உம்மாக்களை அந்த நாற்காலியிலேயே ஓதிக் காட்டச் சொல்வேன். குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவில் ஸீன், ஸாத், ழாத் என்ற அரபு எழுத்துகள் எல்லாம் உண்டு. எங்கே தட்டுகிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். மெழுகாக இருக்கும்போது பல்லை நகர்த்துவது சில நிமிட வேலை. பிளாஸ்டிக் ஆன பின் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

வீட்டில் பிளேடு, படகுக்குத் தேய்க்கும் உப்புத்தாள் எதையும் செட்டில் வைக்காதீர்கள். ஒட்டும் பசை ஆட்டத்தைக் குறைக்குமே தவிர, தடித்த தகட்டை மெலிதாக்காது.

பெரியவருக்குப் புதுசு கட்டுகிறோம். நேற்று மெழுகுப் பல்லோடு அவரை வராந்தாவின் கடைசியில் நிறுத்தி ஏலம் கூறச் சொன்னேன். மருமகன் இந்த மூலையில் உட்கார்ந்து கேட்ட எண்களை எழுதினார். பத்தில் ஒன்று தப்பியது. அண்ணப் பக்கத்து மெழுகை இன்னும் சீவிவிட்டு, வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.