தரிசனம் – காட்சி: சொல் விளக்கம்

கடவுளே இல்லை என்றிருந்த ஒருவர் எதிர்பாராமல் எதையோ கண்டு விசுவாசியாகிவிட்டார். குமரி மாவட்டத்தில் இதை எப்படிச் சொல்வார்கள்? மார்த்தாண்டம், நெய்யூர் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் சாட்சி சொல்பவர்கள் ‘தரிசனம்’ என்பார்கள். முட்டம், குளச்சல் கடற்கரைக் கத்தோலிக்கர்களோ ‘காட்சி’ என்பார்கள். மாதா காட்சி கொடுத்தாள் என்பதுதான் அங்கே வழக்கு.

தரிசனம் வடசொல். பார்த்தல் என்று பொருள்படும் ‘த்ருஷ்’ என்ற வேரிலிருந்து வந்தது. கண் திருஷ்டியும் அதே வேர்தான். சாமி பார்ப்பதும் தரிசனம், சாங்கியம், யோகம் போன்ற தத்துவங்களும் தரிசனம். பழைய தமிழ் பைபிளும் இச்சொல்லையே எடுத்துக்கொண்டது.

காட்சி நம் சொல். மாண் மாட்சி ஆவதுபோல் காண் காட்சி ஆகிறது. கண்ணால் காண்பதோடு அதன் பொருள் நின்றுவிடவில்லை. ‘இருள்நீங்கி இன்பம் பயக்கும் மருள்நீங்கி மாசறு காட்சி யவர்க்கு’ என்கிறது குறள் (352). மயக்கம் தெளிந்து உண்மையை உணர்வதுதான் அங்கே காட்சி. சமணரும் தங்கள் மும்மணிகளில் முதலாவதான சம்யக் தரிசனத்தை ‘நற்காட்சி’ என்றே தமிழாக்கினார்கள். குமரி மாவட்டத்துச் சிதறால் மலைப் பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியவர்களின் சமயம் அது. உலகைப் படைத்த கடவுளை அது ஏற்பதில்லை; வேதத்தை ஒப்பாததால் வைதிகர்கள் ‘நாத்திகம்’ என்றதும் அதே சமயத்தைத்தான். நாத்திகருக்கும் இடம் தருகிற சொல் என்பதால்தான் காட்சி எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ஃப்ரொஸாரை எடுத்துக்கொள்வோம். அவருடைய தந்தை பிரெஞ்சு கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் பொதுச்செயலாளர். கடவுள் உண்டா என்ற கேள்விகூட எழாத வீட்டில் வளர்ந்தவர். 1935 ஜூலை 8 அன்று, 20 வயதில், பாரிஸில் ஒரு சிற்றாலயத்துக்குள் நண்பரைத் தேடித்தான் நுழைந்தார். சில நிமிடங்களில் ஒளிமயமான வேறோர் உலகம் அவருக்குத் தெரிந்தது. கத்தோலிக்கராக வெளியே வந்தார். கடைசிவரை அப்படியே இருந்தார்.

சுசீந்திரத்துக்குத் தரிசனத்துக்குப் போகிறவருக்கு யாரைப் பார்க்கப் போகிறோம் என்று தெரியும். ஃப்ரொஸாருக்குத் தெரியாது. மயிலாடியின் மகாராசன், பின்னாளில் வேதமாணிக்கம், சிதம்பரத்தில் கண்ட கனவால் கிறிஸ்தவ வழிக்கு மாறினார் என்று நம் சபைகளில் சொல்வார்கள். ஆனால் அவர் பக்தியோடு தலயாத்திரை போனவர். அவர் தேடிப் போனார், ஃப்ரொஸார் தேடவில்லை.

அப்புறம், இதை ‘மதமாற்றம்’ என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மதமே இல்லாதவர் எதிலிருந்து மாறுவார்? கத்தோலிக்கர் சொல்லும் ‘மனமாற்றம்’ பொருந்தும். சி.எஸ்.ஐ. சபைகளில் வழங்கும் ‘மனந்திரும்புதல்’ இன்னும் நெருக்கம். ‘கன்வர்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலச்சொல்லுக்கும் திரும்புதல் என்றே பொருள். எனவே, ‘ஃப்ரொஸார் காட்சி கண்டு மனந்திரும்பினார்’ என்று எழுதலாம்.