இருபது நிமிடம் லேட்டானால் அரை நாள் சம்பளத்தை வெட்டலாமா?

ஓசூர் சிப்காட்டில் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர்களில் பலர் ராயக்கோட்டை, சூளகிரி, பாலக்கோடு பக்கமிருந்து இருட்டிலேயே கிளம்புகிறார்கள். வழியில் ஒரு லாரி நின்றுவிட்டால் போதும், பஞ்ச் வைக்கும்போது ஆறு இருபது ஆகிவிடும். அதற்கு அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டு, “கம்பெனி ரூல்” என்று சொல்கிற இடங்கள் உண்டு. சம்பளப் பிடித்தத்தில் கம்பெனி இஷ்டத்துக்கு ரூல் போட முடியாது. சட்டம் அதற்கு அளவு வைத்திருக்கிறது.

2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்துள்ளது. அதற்கு முன் இருந்த 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்திலும் இதே விதிதான். ஆனால் அது மாதம் 24,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர்களுக்கு மட்டும் பொருந்தியது. இப்போது அந்த உச்சவரம்பு இல்லை. காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் பொருந்தும்.

விதி இதுதான்: எவ்வளவு நேரம் வேலையில் இல்லையோ, அந்த நேரத்துக்கான சம்பளத்தை மட்டுமே பிடிக்கலாம். மாதம் 15,600 ரூபாய், 26 வேலை நாள், தினம் 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 600 ரூபாய், மணிக்கு 75. இருபது நிமிடத்துக்கு 25 ரூபாய் ஆகிறது. அரை நாள் என்று 300 ரூபாய் பிடித்தால், மீதி 275 ரூபாய் நீங்கள் உழைத்த காசு. மூன்று முறை லேட் என்றால் ஒரு நாள் சம்பளம் கட் என்பதும் இதே கணக்கில் அடிபட்டுப் போகும்.

“அது பிடித்தம் இல்லை, அபராதம்” என்று சிலர் சொல்லலாம். சரி, அபராதத்துக்கு இன்னும் கடுமையான நிபந்தனைகள் இருக்கின்றன. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்ற பட்டியலுக்கு அரசிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி, வேலை செய்யும் இடத்தில் அறிவிப்பாக வைத்திருக்க வேண்டும். உங்களிடம் விளக்கம் கேட்ட பிறகே அபராதம் போடலாம். கம்பெனி பஸ்ஸே லேட்டாக வந்திருந்தால் அதை அப்போது எழுத்தில் கொடுங்கள். அந்தத் தாமதத்தைத் தொழிலாளி தலையில் கட்டுவது நியாயமே இல்லை. ஒரு மாதத்தில் போடும் மொத்த அபராதமும் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன சம்பளத்துக்கு அது 468 ரூபாய். தவணையாகப் பிடிக்கக் கூடாது, 90 நாள் கடந்த பிறகும் வசூலிக்கக் கூடாது. வசூலான பணத்தையும் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும்.

நிர்வாகத்துக்கும் உரிமை இருக்கிறது. ஒருவர் வராவிட்டால் லைனே நிற்கும், இரவு ஷிப்ட் முடித்தவர் வீட்டுக்குப் போக முடியாது. அடிக்கடி தாமதமாக வருவது நிலையாணைகளில் (தொழிற்சாலையில் வேலை, ஒழுங்கு பற்றிய எழுத்து விதிகளில்) ஒழுங்கீனமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. மெமோ கொடுக்கலாம், விசாரணை வைக்கலாம். அதனால் லேட்டாகும் என்று தெரிந்ததும் சூப்பர்வைசருக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். பிறகு அதுவே சாட்சியும் ஆகும்.

கூடுதலாகப் பிடித்திருந்தால் முதலில் பே ஸ்லிப் கேளுங்கள். அதைக் கொடுப்பது முதலாளியின் கடமை. பஞ்ச் நேரத்தையும் பஸ் டிக்கெட்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டும் பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். முன்பு 12 மாதமாக இருந்த கெடு இப்போது 3 ஆண்டு. சம்பளத்தைச் சரியாகக் கொடுத்ததாக நிரூபிக்க வேண்டியது முதலாளிதான். காண்ட்ராக்டர் கைவிரித்தால் கம்பெனியே பொறுப்பு. வக்கீல் வைக்கக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் சட்ட உதவி இலவசம்.