1.1.1.3: வீட்டு நெட்டுக்கு ஒரு வடிகட்டி

அக்கா வீட்டில் ஃபைபர் இணைப்பு வந்த வாரம் எனக்கு ஒரு வேலை வந்தது. "பசங்க டேப்ல என்ன பாக்கறாங்கன்னே தெரியல. கண்டதும் வராத மாதிரி ஏதாவது பண்ணிக் கொடுடா" என்றாள். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து டிஎன்எஸ் என்ற இடத்தில் இருந்த எண்ணை அழித்து 1.1.1.3 என்று போட்டேன். டேப்பில் ஓர் ஆபாசத் தளத்தைத் தட்டிப் பார்த்தால் திறக்கவில்லை. அக்காவுக்கு ஆச்சரியம். "அப்போ எல்லாப் படத்தையும் அது உக்காந்து பாக்குதா?"

ஒரு படத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது தளத்தின் பெயரை மட்டும்தான். இந்த வடிகட்டியின் சாமர்த்தியமும் ஓட்டையும் அங்கேதான் இருக்கின்றன.

நாம் தளத்தின் பெயரைத் தட்டுகிறோம். கணினிகளோ எண்களை வைத்துத்தான் ஒன்றையொன்று தேடிப் போகின்றன. ஆகவே எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் நடப்பது ஒரு விசாரிப்பு: "இந்தப் பெயருக்கு எண் என்ன?" பதில் சொல்வது டிஎன்எஸ் சர்வர். ஒரு காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. ஆளுக்கொரு நகல் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் முறைதான் இன்றுவரை ஓடுகிறது.

வழக்கமாக இந்தப் பதிலைத் தருவது இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் சர்வர். வைஃபையில் ஒரு கருவி சேரும்போதே ரவுட்டர் அதற்கு ஓர் உள்வீட்டு முகவரியைக் கொடுத்து, "பெயர் விசாரிக்க வேண்டுமென்றால் இங்கே கேள்" என்று ஓர் எண்ணையும் சொல்லி அனுப்பும். அந்த எண்ணை மாற்றினால் போதும், வீட்டிலுள்ள கருவிகள் எல்லாம் புது இடத்தில் போய்க் கேட்கும். 1.1.1.3 என்பது கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய இலவசச் சேவை. தடைப் பட்டியலில் உள்ள பெயரைக் கேட்டால் 0.0.0.0 என்று, எங்கும் போய்ச் சேராத ஓர் எண்ணைச் சொல்லிவிடும். ஊருக்குள் வழி கேட்டு வருபவரிடம் டீக்கடைக்காரர் "அப்படி ஒரு வீடே இங்க இல்லையே" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது மாதிரி. வீடு இருக்கிறது, வழிதான் கிடைக்கவில்லை.

சரி, பட்டியலை யார் போடுகிறார்கள்? இதுதான் உண்மையில் கடினமான பகுதி. தொடக்ககால வடிகட்டிகள் எழுத்துக் கூட்டங்களைத் தேடின. 1996-இல் அமெரிக்காவின் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களால் கணக்குத் தொடங்கவே முடியவில்லை. ஊரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தை மாட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். தமிழில் 'காம' என்ற எழுத்துகளைத் தடுத்துப் பாருங்கள்: காமராஜர் போவார், காமாட்சி போவாள், காமெடியும் கூடவே போய்விடும்.

இப்போது அவ்வளவு மோசமில்லை. தானியங்கி நிரல்கள் தளம் தளமாகப் போய், எழுத்து, படம், யாரோடு இணைப்பு என்று பலதையும் சேர்த்துப் பார்த்து வகை பிரிக்கின்றன. இதையே தொழிலாக வைத்திருப்பவர்களிடம் பட்டியலை வாங்கிக்கொள்வதும் உண்டு. அப்படியும் பிசகுகிறது. 1.1.1.3 தொடங்கிய வேகத்திலேயே மாற்றுப்பாலினத்தவர், தன்பாலீர்ப்பாளர் தொடர்பான சாதாரணத் தகவல் தளங்களையும் தடுத்துவிட்டது. தவறான ஒரு வகை பட்டியலில் சேர்ந்துவிட்டது என்று கிளவுட்ஃப்ளேர் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்தது. நம் நாட்டில் 2015-இல் 857 தளங்களை முடக்கச் சொன்ன பட்டியலும் இப்படித்தான். 2018-இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அதைத் திரும்பச் சரிபார்த்தபோது, அவற்றில் 30 தளங்களில் ஆபாசமே இல்லை என்று தெரிந்து 827 ஆகக் குறைத்தார்கள்.

பெயரை மட்டும் பார்ப்பதால் வரும் அடுத்த சிக்கல், கலப்புத் தளங்கள். டிஎன்எஸ் சர்வருக்குத் தெரிவது வீட்டின் பெயர்தான். எந்த அறைக்குப் போகிறோம் என்பது தெரியாது. யூடியூபைத் தடுத்தால் கணக்குப் பாடமும் போச்சு; யார் வேண்டுமானாலும் எதையும் பதிவிடும் ரெடிட் தளத்தை விட்டால் எல்லாமும் வரும். தேடுபொறிக்கு மட்டும் அழகான ஒரு குறுக்குவழி உண்டு. கூகுளின் எண்ணைக் கேட்கும்போது, வழக்கமான எண்ணுக்குப் பதிலாக 216.239.38.120 என்று சொன்னால், அதே கூகுள்தான் திறக்கும். ஆனால் ஆபாச முடிவுகளை மறைக்கும் 'பாதுகாப்புத் தேடல்' அணைக்க முடியாதபடி பூட்டப்பட்ட நிலையில் திறக்கும். இதற்காகவே கூகுள் ஒதுக்கியிருக்கும் வாசல் அது. யூடியூபுக்கும் இப்படி ஒன்று உண்டு. க்ளீன்பிரவுசிங் சேவையின் குடும்ப வடிகட்டி (185.228.168.168) இந்த இரண்டையும் தானே செய்துவிடுகிறது, ரெடிட் போன்ற கலப்புத் தளங்களையும் சேர்த்தே மூடிவிடும். சின்னப் பிள்ளைகள் மட்டும் உள்ள வீடென்றால் நான் அதைத்தான் போடுவேன்.

அன்று ராத்திரியே அக்கா போன் செய்தாள். டேப்பில் வராத தளம் மாமாவின் போனில் ஜம்மென்று வருகிறதாம். (மாமா எப்படிக் கண்டுபிடித்தார் என்று நான் கேட்கவில்லை.) முதலில் பழைய பதில் நினைவில் தங்கியிருக்கும் என்று நினைத்தேன். ஒருமுறை கேட்ட எண்ணைக் கருவிகள் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும். போனை அணைத்துப் போட்டால் மறந்துவிடும். போட்டும் மறக்கவில்லை. உண்மைக் காரணம் ஐபிவி6. இணையத்தில் இப்போது இரண்டு முகவரி முறைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. நான் பழைய முறைக்கான எண்ணை மட்டும் மாற்றியிருந்தேன். புது முறையில் இணைப்பு நிறுவனத்தின் சர்வரே இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டுப் பழைய டேப்புக்கு அந்தப் பாதை தெரியாது, போனுக்குத் தெரிந்திருந்தது. ஐபிவி6 பகுதியில் 2606:4700:4700::1113 என்று போட்ட பிறகுதான் அடங்கியது. சில ரவுட்டர்களில் இந்த இடத்தை மாற்ற முடியாதபடி பூட்டியிருப்பார்கள். அப்போது சொந்தமாக இன்னொரு ரவுட்டர் வாங்கி மாட்டுவதுதான் வழி.

அப்புறம் பிரவுசர்கள். டிஎன்எஸ் விசாரிப்பு பல காலம் தபால் அட்டை மாதிரித் திறந்தே போய்க்கொண்டிருந்தது. அதை உறைக்குள் போட்டு அனுப்பும் முறை 2018-இல் தரமாக்கப்பட்டது. பிரவுசரே ரவுட்டரைக் கேட்காமல், தனக்குப் பிடித்த சர்வரிடம் பூட்டிய கேள்வியை அனுப்பிவிடும். அந்தரங்கத்துக்கு நல்லது, வீட்டு வடிகட்டிக்கு ஆகாது. எல்லாப் போக்குவரத்தையும் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் போட்டாலும் இதே கதை.

பெரியவன் இதற்கெல்லாம் மெனக்கெடவே இல்லை. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொண்டான். அங்கே ரவுட்டருக்கு வேலையே இல்லை. ஆண்ட்ராய்டு 9 முதல் வரும் 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பில் வடிகட்டி சர்வரின் பெயரைப் போட்டால், வைஃபையோ டேட்டாவோ எதுவானாலும் போன் அங்கேதான் கேட்கும். அவன் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதை நீக்குவதும் அதே பக்கத்தில், இரண்டு தட்டுத்தான். அவனுக்கு வயது பதினைந்து.