ஹேஸி ஐ.பி.ஏ: தமிழில் அது கலங்கல்

ஹேஸி ஐ.பி.ஏ என்பது தெளியாமல் மூட்டமாக இருக்கும் ஒரு பியர் வகை, ஐ.பி.ஏ என்றால் இந்தியா பேல் ஏல். ஹேஸி என்ற சொல்லுக்கு அகராதியைத் திறந்தால் பனிமூட்டமான, மங்கலான, தெளிவற்ற என்று வரும். வானத்துக்கும் பார்வைக்கும் நினைவுக்கும் இந்த மூன்றும் பொருந்தும், பியருக்குப் பொருந்தாது. மங்கலான பியர் என்று எழுதினால் நிறம் வெளுத்துப்போன பியர் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். பனிமூட்டம் என்றால் இன்னும் மோசம். இதற்குச் சரியான சொல் தமிழில் கலங்கல். அதுவும் நான் புதிதாகச் செய்து நீட்டும் சொல் இல்லை, குடிக்கும் பொருளுக்கே தமிழில் வழங்கிய பழைய சொல். அங்கே போவதற்கு முன்னால் பொருள் என்னவென்று பார்த்துவிடலாம்.

இந்த வகைக்கு முன்னோடி என்று பெரும்பாலும் சொல்லப்படுவது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தி ஆல்கெமிஸ்ட் என்ற ஆலை காய்ச்சும் ஹெடி டாப்பர். 473 மில்லி கேன், 8 சதவீத ஆல்கஹால். கேனிலிருந்தே குடியுங்கள் என்று கேன் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள், வாசனை பறந்துவிடக் கூடாது என்பது காய்ச்சியவரின் கவலை. ஆனால் சொல்லை ஆராய வேண்டுமானால் ஊற்றிப் பார்க்காமல் முடியாது, அதனால் நான் காலுள்ள கண்ணாடிக் கோப்பையில் ஊற்றித்தான் பார்த்தேன். மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் ஒரு நிறம். கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் விரலின் நிழல் தெரிகிறது, ரேகை தெரியவில்லை. அதே சமயம் சேற்றுத் தண்ணீர் போல ஒளியை விழுங்கவும் இல்லை, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளேயிருந்து மினுங்குகிறது. மூக்கை அருகில் கொண்டுபோனால் ஆரஞ்சுத் தோலை அப்போதுதான் உரித்தது போல ஒரு வாசம், அப்புறம் பீச், கடைசியில் லேசாகப் பைன் பிசின்.

இத்தனைக்கும் இதில் பழம் கிடையாது. எல்லாம் ஹாப்ஸ் என்ற கொடியின் கூம்பு செய்கிற வேலை.

ஹேஸி என்ற ஆங்கிலச் சொல் 17ஆம் நூற்றாண்டில் கப்பலோட்டிகளின் பேச்சில் மூட்டமான வானிலையைக் குறித்து வந்தது. பியர் காய்ச்சுகிறவர்கள் கைக்குப் போனபோது அது குறையைச் சொல்லும் சொல்லாகிவிட்டது. கண்ணாடிக் கோப்பை பரவலான பிறகு தெளிவாக இருப்பதே நல்ல பியருக்கு அடையாளம் என்றாயிற்று. இங்கிலாந்தில் மீனின் காற்றுப்பையைக் காயவைத்து எடுத்த பசையைப் பீப்பாயில் விட்டு ஏல் என்ற பியர் வகையைத் தெளிய வைப்பார்கள், நம் ஊரில் பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கிய தண்ணீரைத் தெளிய வைப்பது போல. பெரிய ஆலைகள் வடிகட்டியை வைத்தன. பியரைக் குளிரவைத்ததும் கொஞ்சம் கலங்கினால் அதற்கு ஒரு பெயர் வைத்து, அதை எப்படித் தடுப்பது என்று பாடப்புத்தகங்களில் அத்தியாயமே எழுதினார்கள்.

அதைத் திருப்பிப் போட்டவர் ஜான் கிம்மிக். வெர்மான்டின் பர்லிங்டன் நகரில் பியர் விடுதி நடத்திய கிரெக் நூனனிடம் வேலை கற்றவர். 2003ல் வாட்டர்பரியில் மனைவி ஜென்னுடன் ஆல்கெமிஸ்ட்டை ஒரு பியர் விடுதியாகத் தொடங்கி, நூனன் வழியாக வந்த ஈஸ்ட்டை வைத்து, வடிகட்டாமல் ஹெடி டாப்பரைக் காய்ச்சினார். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளத்தில் அந்த விடுதி மூழ்கிப்போனது. ஆனால் அதற்கு முன்பே தனியாகக் கட்டி வைத்திருந்த கேன் ஆலை சில நாளிலேயே ஓடத் தொடங்கியது, அங்கிருந்துதான் இந்தப் பியர் ஊர் ஊராகப் பேர் வாங்கியது. பக்கத்து மாசசூசெட்ஸில் ட்ரீ ஹவுஸ், ட்ரில்லியம் போன்ற ஆலைகள் இன்னும் அடர்த்தியாகக் காய்ச்சின. இந்த இரண்டு மாநிலமும் சேர்ந்த அமெரிக்க வட்டாரத்தின் பெயரில் நியூ இங்கிலாந்து ஐ.பி.ஏ என்று பெயர் ஓடியது. 2018ல் அமெரிக்காவின் பியர் ஆலைச் சங்கம் தன் வகைப் பட்டியலில் 'ஜூஸி அல்லது ஹேஸி' என்று தனிப் பிரிவே சேர்த்தது. குறையைச் சொன்ன சொல் இப்படித்தான் ஒரு வகையின் பெயராக மாறியது.

ஐ.பி.ஏ என்ற மூன்று எழுத்தில் முதல் எழுத்து இந்தியா. இந்தியாவில் காய்ச்சியது என்ற பொருள் இல்லை. லண்டன் பக்கம் போ என்ற இடத்தில் ஹாட்ஜ்ஸன் குடும்பத்தின் ஆலையிலிருந்தும், 1820களில் இருந்து பர்ட்டன் ஊர் ஆலைகளிலிருந்தும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலேறி வந்த, ஹாப்ஸ் தூக்கலான வெளிர் ஏல் அது. இந்தியாவுக்கென்றே யாரோ ஒருநாள் கண்டுபிடித்தார் என்ற கதையை நம்ப வேண்டாம். ஹாப்ஸ் நிறையப் போட்டு மாதக்கணக்கில் வைத்துக் குடிக்கும் ஏல் ஏற்கெனவே அங்கே இருந்தது, அது கடல் பயணத்தையும் தாங்கியது, வாங்க இங்கே ஆள் இருந்தார்கள். அவ்வளவுதான். பெயர் பின்னால் ஒட்டியது.

சரி, தமிழுக்கு வருவோம். சங்கத் தமிழில் கள்ளுக்கு இருக்கிற பெயர்களைக் கவனித்தால் பலவும் அது எப்படித் தயாரானது என்பதைச் சொல்கிற பெயர்கள். அரித்து வடிகட்டியது அரியல். தேறித் தெளிந்தது தேறல், தேற்றாங்கொட்டையின் தேற்றும் இதே வேர்தான். நெல்லில் செய்தது தோப்பி, பியருக்கு மிக நெருங்கிய உறவு அது. தெளியாமல் இருப்பது கலங்கல். புறநானூற்றின் 298ஆம் பாட்டில் ஒரு வீரன் தன் அரசனைப் பற்றிச் சொல்கிறான்: "எமக்கே கலங்கல் தருமே, தானே தேறல் உண்ணும் மன்னே." முதல் தடவை படிக்கும்போது அரசன் நல்லதைத் தான் வைத்துக்கொண்டு அடிமண்டியை வீரர்களுக்குத் தள்ளுகிறான் என்று தோன்றும். அப்படிப் படித்தால் பாட்டு நிற்காது. முன்பெல்லாம் அப்படி இருந்தவன் இப்போது பகைவரின் கோட்டையைச் சுற்றி வளைத்து நிற்கும்போது 'நீ முந்து' என்று என்னைச் சொல்ல மாட்டேன் என்கிறானே என்பதுதான் வீரனின் குறை. முன்பு காட்டிய அன்புக்கு அடையாளமாகத்தான் கலங்கல் வருகிறது, ஆகவே களிப்பு அதிகமுள்ள கலங்கலை வீரர்களுக்குத் தந்துவிட்டுத் தெளிந்ததைத் தான் குடித்தான் என்று பொருள் கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆக, தெளிந்தது ஒரு வகை, கலங்கல் இன்னொரு வகை, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர், கலங்கல் என்பது கெட்டுப்போனது இல்லை. வெர்மான்ட்காரர்கள் ஹேஸிக்கு ஏற்றிய பொருளும் இதுவேதான். இங்கே ஒரு எச்சரிக்கை: 'கலங்கிய பியர்' என்று எழுதாதீர்கள். கலங்கிய என்றால் தெளிவாக இருந்தது ஏதோ ஆகிக் கலங்கிவிட்டது என்று ஆகிவிடும், குழாய்த் தண்ணீர் கலங்கி வருகிற மாதிரி. கலங்கல் ஐ.பி.ஏ என்று பெயர்ச்சொல்லாகவே வைத்தால் அது வகையின் பெயராக நிற்கும். ஏரியில் உபரி நீர் வழியும் இடத்தையும் கலங்கல் என்கிறோம், அது கலிங்கு என்ற வேறு சொல், இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கலங்கலுக்குக் காரணம் ஈஸ்ட் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் அது இல்லை. பார்லியோடு கோதுமையும் ஓட்ஸும் சேர்க்கிறார்கள், அந்தத் தானியங்களின் புரதமும் ஹாப்ஸிலிருந்து வரும் பாலிஃபீனாலும் ஒன்றோடொன்று பிணைந்து, கீழே இறங்காத அளவு நுண்ணிய துகளாக மிதக்கின்றன. ஆகவே நல்ல கலங்கலில் மண்டி இருக்காது. இந்தப் பியரைப் பார்த்து மதிப்பிடும்போது முதலில் பிரிக்க வேண்டியதே இதைத்தான், கலங்கல் வேறு, மண்டி வேறு. பி.ஜே.சி.பி என்ற பியர் நடுவர் அமைப்பின் வழிகாட்டியும் இதையே சொல்கிறது. ஒளி புகாத அளவுக்குக் கூட கலங்கலாக இருக்கலாம், சேறு மாதிரி இருக்கக் கூடாது, ஈஸ்ட் திரியோ ஹாப்ஸ் துணுக்கோ மிதந்தால் குறை.

கலங்கலை ஒட்டி வரும் மற்ற சொற்களும் தமிழில் தடுக்குகின்றன. டபிள் ஐ.பி.ஏ என்பதை இரட்டை என்று எழுதினால் எது இரட்டை என்ற கேள்வி வரும். 1994ல் கலிபோர்னியாவின் டெமெக்யுலாவில் வின்னி சிலுர்ஸோ தன் ஐ.பி.ஏவில் ஹாப்ஸை இரண்டு மடங்காக்கி, முளைகட்டிய தானியமான மால்ட்டையும் கூட்டினார், பெயர் அதிலிருந்து வந்தது. ஆல்கஹால் இரு மடங்கு ஆவதில்லை, எட்டு சதவீதத்தின் பக்கத்தில்தான் நிற்கும். இதற்குத் தமிழில் காட்டம் என்ற சொல்லே போதும். காட்டமான புகையிலை, காட்டமான காபி என்று தினமும் சொல்கிறோமே, அதே காட்டம். டபிள் ஹேஸி ஐ.பி.ஏ என்றால் காட்டமான கலங்கல்.

டிரை ஹாப்பிங்கை உலர் என்ற சொல்லை வைத்து மொழிபெயர்ப்பது நேரான தப்பு. ஈரம், உலர்வு இதில் பேச்சே இல்லை. அடுப்பில் கொதிக்கும்போது போடும் ஹாப்ஸ் கசப்பைத் தருகிறது. அடுப்பை விட்டு இறக்கி ஆறிய பிறகு, நொதிக்கும்போதோ நொதித்து முடிந்தபோதோ போடும் ஹாப்ஸ் வாசனையைத் தருகிறது. ரசத்தை இறக்கிவிட்டுக் கொத்தமல்லித் தழை போடுகிற மாதிரிதான். ஆகவே 'கொதிக்காமல் ஹாப்ஸ் சேர்ப்பது' என்று விரித்தே எழுதலாம், ஒற்றைச் சொல் தேட அவசியமில்லை. ஹாப்ஸுக்கும் தமிழ்ப் பெயர் தேடி அலைய வேண்டாம். நம் ஊரில் விளையாத கொடி, கஞ்சா செடியின் குடும்பம், பெண் கொடியின் கூம்புக்குள் இருக்கும் லுபுலின் என்ற மஞ்சள் பொடிதான் அதன் சாரம். ஹாப்ஸ் என்றே இருக்கட்டும். ஜூஸி என்பதைச் சாறு என்று எழுதினால் பழச்சாறு கலந்தது என்று ஆகிவிடும், பழவாசம் என்பதே சரி.

சுவைத்து மதிப்பிடும் பகுதியில்தான் தமிழ் கைகொடுக்கிறது, ஆங்கிலத்தை விடவே நன்றாக. பி.ஜே.சி.பி மதிப்பெண் தாள் மொத்தம் 50. அதில் வாசனைக்கு 12, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3. வகைக்கே பெயர் கொடுத்த கலங்கலுக்கு அந்த மூன்றிலும் ஒரு பங்குதான் என்பதை நினைவில் வையுங்கள், கண்ணால் பார்த்தே தீர்ப்புச் சொல்கிறவர்கள் அதிகம்.

வாயில் வைத்ததும் முதலில் வழவழப்பு, அது ஓட்ஸ் தருவது. தண்ணீரில் குளோரைடு தூக்கலாக இருந்தாலும் இந்த மென்மை கூடும். அப்புறம் கசப்பு. பழைய பாணி ஐ.பி.ஏவில் கசப்பு நாக்கின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துகொள்ளும், கலங்கலில் அது அடக்கமாக வந்து போக வேண்டும். அளவுக்கு மீறி ஹாப்ஸைக் கொட்டியிருந்தால் நாக்கு இழுக்கும், வாழைப்பூவைக் கடித்தது போல. அது துவர்ப்பு, கசப்பு இல்லை. தொண்டையில் போய்க் கரகரவென்று பிடித்தால் அது இரண்டும் இல்லை. அமெரிக்கர்கள் அதை ஹாப் பர்ன் என்று எரிச்சலாகச் சொல்கிறார்கள், நமக்கோ அதற்கென்றே காறல் என்ற சொல் இருக்கிறது. சரியாக வேகாத சேனைக்கிழங்கு தொண்டையில் செய்வது எதுவோ அதுவேதான் இது. கேனில் அடைத்து ஓரிரு நாளே ஆன கலங்கலில் காறல் இருந்தால் ஒன்றிரண்டு வாரம் குளிர்பெட்டியில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அதற்காக மாதக்கணக்கில் வைத்துவிடக் கூடாது. புறநானூற்றில் ஔவையார் தேள் கொட்டியது போலக் கடுக்கும் 'நாட்படு தேறல்' என்று நாள்பட்டதைப் புகழ்கிறார், தேறலுக்கு அது பெருமை. கலங்கலுக்கு நாள்தான் எதிரி. உள்ளே புகுந்த கொஞ்சம் ஆக்ஸிஜனே போதும், முதலில் பழவாசம் போகும், பிறகு நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும், மினுங்கிய மஞ்சள் சாம்பல் பூத்த பழுப்பாகும். வாங்குவதற்கு முன் கேனின் அடியைத் திருப்பித் தேதியைப் பாருங்கள். ஊற்றியதும் அந்தச் சாம்பல் பழுப்பு தெரிந்தால், ஒளி ஊடுருவாமல் இருந்தாலும் அதைக் கலங்கல் என்று எழுதாதீர்கள். அது கெட்டுப்போன பியர்.