பீர் இல்லாத பீர் விளையாட்டு

"மேனேஜர்களுக்கு அமைப்புச் சிந்தனை (systems thinking; பகுதிகளைத் தனித்தனியாக அல்லாமல் மொத்தமாகச் சேர்த்துப் பார்ப்பது) என்று கம்பெனியில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். பிரியாணிதான் மிச்சம். இதெல்லாம் கற்றுத்தரக்கூடிய விஷயமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கற்றுத்தரலாம், ஆனால் ஸ்லைடு போட்டு அல்ல. ஒரு தடவை தோற்கடித்துக் காட்ட வேண்டும். அதற்கென்றே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (நம்ம குரோம்பேட்டை அல்ல) 60 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு விளையாட்டு நடக்கிறது. பெயர் பீர் விளையாட்டு. மேஜையில் பீர் இருக்காது, வில்லைகளும் துண்டுச்சீட்டுகளும்தான்.

கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நான்கு பேர். பேசிக்கொள்ளக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் கைமாறும். சீட்டு போய்ச் சேரவும் சரக்கு வரவும் சில வாரங்கள் ஆகும். தேங்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு. கொடுக்க முடியாமல் பாக்கி நின்றால் ஒரு டாலர்.

வாடிக்கையாளர் முதல் நான்கு வாரமும் 4 பெட்டி கேட்கிறார். ஐந்தாம் வாரம் 8. அப்புறம் கடைசிவரை அதே 8. வெளியே நடப்பது இவ்வளவுதான்.

இப்போது கடைக்காரர் இடத்தில் உட்காருங்கள். இருப்பு 12. வாரம் 8 போகிறது, பழைய ஆர்டர்படி 4தான் வருகிறது. மூன்றே வாரத்தில் அலமாரி காலி. 8 ஆர்டர் போட்டீர்கள், வரவில்லை. பயந்துபோய் 12 போட்டீர்கள், அதுவும் வரவில்லை. சரி, 16. ஆக 36 பெட்டிகள் உங்கள் பெயரில் வழியில் இருக்கின்றன; ஆனால் கண்ணில் படுவது காலி அலமாரி மட்டுமே. மொத்த வியாபாரியோ 16 என்ற சீட்டைப் பார்த்து, வியாபாரம் நான்கு மடங்காகிவிட்டது என்று நினைத்துத் தன் பயத்தையும் சேர்த்து மேலே அனுப்புகிறார். தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது அது சுனாமி. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் வந்து இறங்கும். கிடங்கு நிரம்பி வழியும், வாரக்கணக்கில் யாரும் ஒரு பெட்டிகூடக் கேட்க மாட்டார்கள்.

இந்த ஆட்டத்தை அலசி எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் 1989-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குறைந்தபட்சம் ஆகியிருக்கக்கூடிய செலவைப்போல் சராசரியாகப் பத்து மடங்கை அணிகள் இழுத்துவிட்டிருந்தன. வழியில் இருக்கும் சரக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் மனிதர்கள் மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். கையிருப்புக்குப் பக்கத்தில் 'வழியிருப்பு' என்று ஒரு கட்டம் போட்டு, இரண்டையும் கூட்டிப் பார்த்து ஆர்டர் போட்டால் ஆட்டம் வெகுவாக அடங்கிவிடும்.

கோளாறை வெளியே தேடாமல் அமைப்புக்குள்ளேயே தேடும் இந்தச் சிந்தனைக்கு வித்திட்டவர் எம்.ஐ.டி.யின் ஜே ஃபாரெஸ்டர், அமெரிக்கக் கடற்படைக்குக் கம்ப்யூட்டர் கட்டிய இன்ஜினியர். கென்டக்கியில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலைகள் ஒரு சமயம் மூன்று ஷிஃப்ட் ஓடும். சில ஆண்டுகளில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பும். ஃபாரெஸ்டர் நோட்டில் பென்சிலால் கணக்குப் போட்டார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் மாறாமலே இருந்தாலும், ஆலையின் சொந்த விதிகளே அந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் என்று தெரிந்தது. இன்றைக்கு இதற்கு நிதி கேட்டிருந்தால், "உங்கள் துறை எது?" என்றே திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

ஆட்டம் முடிந்ததும், வாடிக்கையாளர் கேட்டது எப்படி இருந்திருக்கும் என்று வரையச் சொல்வார்கள். பெரும்பாலானோர் மலையும் பள்ளமுமாக வரைவார்கள். நம்மூராக இருந்தால் அதற்குள் வாஸ்து பார்த்துக் கல்லாப்பெட்டியைத் திருப்பி வைத்திருப்போம். அப்புறம்தான் உண்மையான கோட்டைக் காட்டுவார்கள்: நாலிலிருந்து எட்டுக்கு ஒரே ஒரு படி, அதன்பின் நேர்கோடு.